கையால் கியர் மாற்றுபவர்கள் இனி இரண்டே வகை

கேட்டவர் 26 வயதுத் தம்பி ஒருவர். அவர் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: “கியர் வண்டி ஓட்ட வேண்டும் என்பதற்காகவே கிளாஸ் 3 உரிமம் எடுத்தேன். கடைகளில் போய் நின்றால் எஸ்யூவி, இல்லாவிட்டால் மின்சாரக் கார். சின்ன வயதில் என் அறைச் சுவரில் ஒட்டிவைத்த கார்களில் ஒன்றுகூட இன்று உற்பத்தியில் இல்லை. கார் நிறுவனங்கள் எங்களை ஏன் இப்படிக் கைகழுவின? சிங்கப்பூரில் இனி எனக்கு என்ன வழி?”

எனக்கு இந்தத் தொழிலில் 29 ஆண்டு. காக்கி புக்கிட்டில் பட்டறை. ஒரு காலத்தில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன், இப்போது பெரும்பாலும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பில் போடுகிறேன். தம்பியின் வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் எரிச்சல் போக வேண்டிய திசை வேறு என்று நினைக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் உங்கள் சுவர். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 1992-இல் பிறந்து 2016-இல் முடிந்தது. இப்போதைய டபிள்யூஆர்எக்ஸ் காரை வைத்து எஸ்டிஐ என்ற வேக வகையைப் பெட்ரோலில் செய்யப்போவதில்லை என்று சுபாரு 2022 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. 1976 முதல் விற்றுவந்த ஃபியஸ்டாவை ஃபோர்ட் 2023 ஜூலையில் நிறுத்தியது. அமெரிக்காவில் அதே ஃபோர்ட் 2018-லேயே செடான்களுக்கு நாள் குறித்துவிட்டது, மஸ்டாங் மட்டும் தப்பித்தது. நிசான் ஜிடி-ஆர் ஆர்35-இன் கடைசி வண்டி 2025 ஆகஸ்டில் வெளியே வந்தது. 18 ஆண்டுகளில் மொத்தம் சுமார் 48,000 வண்டிதான். போர்ஷ 718-இன் பெட்ரோல் வண்டிகளும் அதே ஆண்டு அக்டோபரோடு சரி. கேதத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பது போல இந்தப் பட்டியலை இன்னும் அரை மணி நேரம் வாசிக்கலாம். வேண்டாம்.

அந்த 48,000 என்ற எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். உலகம் முழுக்க, 18 ஆண்டு. எத்தனை பேர் சுவரில் ஒட்டினோம், எத்தனை பேர் கைத்தொலைபேசியில் பின்னணிப் படமாக வைத்தோம்! வாங்கியவர்கள் 48,000.

கைகழுவிவிட்டார்கள் என்கிறீர்கள். கைகழுவ வேண்டுமானால் முன்பு கையில் பிடித்திருக்க வேண்டும். நான் புதுக் கார் வாங்கியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. என் பட்டறைக்கு வரும் கார்ப் பைத்தியங்களில் முக்கால்வாசிப் பேர் ஓட்டுவது மூன்றாவது கை, நான்காவது கை வண்டி. முதல் விற்பனை மட்டும்தான் நிறுவனத்தின் கணக்கில் ஏறும். மூன்றாவது கையில் வாங்கியவன் அதைக் குழந்தை மாதிரி வளர்த்தாலும், வாரா வாரம் மெழுகு போட்டாலும், அவன் அவர்கள் கணக்கில் ஆளே இல்லை. வட்டாரத்துக்கே மீன் குழம்பு வாசனை பிடிக்கும், சாப்பிட உட்காருவது நாலு பேர் என்றால் கடைக்காரர் எத்தனை நாள் சமைப்பார்?

என் கதையையே சொல்கிறேன். 2019-இல் ஒரு விற்பனையகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஒரு சிறிய ஹேட்ச்பேக், வெளியூரில் கியர் வகையிலும் விற்கிறார்கள், இங்கே காட்சிக்கு வைத்திருப்பது ஆட்டோ மட்டும். கியர் கிடைக்குமா என்றேன். விற்பனையாளர் நல்ல பையன். “அங்கிள், ஆர்டர் போட்டுத் தருவிக்கலாம். ஆறு மாசம் ஆகும். வைப்புத்தொகை திரும்பக் கிடைக்காது. அப்புறம் விற்கும்போது யார் வாங்குவாங்க?” என்றான். கடைசிக் கேள்விதான் கொக்கி. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். ஆர்டர் போடவில்லை. நானே போடவில்லை என்றால், அந்த நிறுவனத்தின் அடுத்த கூட்டத்தில் “சிங்கப்பூரில் கியர் வண்டிக்குக் கேட்பு: பூஜ்யம்” என்று எழுதியவனை நான் எப்படித் திட்டுவது?

சரி, வாங்கியவர்கள் குறைவு என்பது பாதி. மறுபாதி விதிமுறைகள். இதைக் காப்பிக்கடைப் பேச்சில் யாரும் தொடுவதே இல்லை, எல்லாப் பழியும் மின்சாரக் கார் தலையில் விழுகிறது.

ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். சுசுகி செய்வதில் எல்லாருக்கும் பிடித்த வண்டி, ஐரோப்பாவில் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆனாலும் 2020-இல் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். மறு ஆண்டு அதே ஜிம்னி பின் இருக்கை இல்லாமல், இரண்டு பேர் உட்காரும் சரக்கு வண்டியாகத் திரும்பி வந்தது. காரணம், ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் விற்கும் பயணிகள் கார்கள் எல்லாவற்றின் கரிம வெளியீட்டையும் சராசரி பார்க்கிறார்கள். வரம்பைத் தாண்டினால் ஒரு காருக்கு, ஒரு கிராமுக்கு 95 யூரோ தண்டம். வரம்பை விட 60 கிராம் கூடுதலாகப் புகை விடும் வண்டி ஒன்றை விற்றால் அந்த ஒரு வண்டியால் வரும் பாரம் 5,700 யூரோ. சின்ன வண்டியில் அவ்வளவு லாபமே நிற்காது. சரக்கு வண்டிக்குக் கணக்கு வேறு, ஆகவே பின் இருக்கையைக் கழற்றினார்கள். பெரிய சொகுசு வண்டியில் 5,700 யூரோவை விலையில் கரைத்துவிடலாம். 20,000 யூரோ வண்டியில் எங்கே கரைப்பது? முதலில் செத்தது மலிவான ஜாலி வண்டி, கடைசி வரை நிற்பது விலையுயர்ந்த ஜாலி வண்டி. இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

இன்னொரு விதி, இணையப் பாதுகாப்பு. காரின் கணினிக்குள் வெளியாள் நுழையாதபடி காப்பு இருக்க வேண்டும் என்று ஐநா விதி எண் 155 சொல்கிறது. 2024 ஜூலை முதல் ஐரோப்பாவில் விற்கும் எல்லாப் புதுக் காருக்கும் அது கட்டாயம். பத்து ஆண்டுக்கு முன் வரைந்த வண்டியில் மின்கம்பிப் பின்னல், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் அந்தக் காலத்துக்கு ஏற்றபடி இருக்கும். ஒரு பெட்டி இன்னொரு பெட்டியிடம் அடையாளம் கேட்காமலே பேசும். அதைச் சரிசெய்ய மேலே ஒரு பூட்டு போட்டால் போதாது, நரம்பு மண்டலத்தையே மாற்ற வேண்டும். ஆண்டுக்குச் சில ஆயிரம் மட்டும் விற்கும் வண்டிக்கு யார் அந்தச் செலவைச் செய்வார்? பெட்ரோல் 718-ஐ ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாமல் போனது இதனால்தான். டொயோட்டா ஜிஆர்86-ஐ அங்கே இரண்டே ஆண்டு விற்றுவிட்டு மூட்டை கட்டினார்கள், அதற்குக் காரணம் 2024 ஜூலையில் வந்த வேறொரு பாதுகாப்பு விதி. இரண்டுமே ஓடிக்கொண்டிருந்த வண்டிகள், பாட்டரி வந்து முட்டித் தள்ளவில்லை.

“அது ஐரோப்பா, நமக்கென்ன” என்பீர்கள். நமக்கென்று யாரும் கார் வரைவதில்லை, தம்பி. பெரிய சந்தைக்கு வரைந்ததில் மிச்சம்தான் இங்கே வருகிறது. பெரிய சந்தையில் கதவு சாத்தினால் தொழிற்சாலை வரிசையே சில ஆண்டில் நின்றுவிடும்.

இப்போது நம்மூர்க் கதை. உலகத்தில் நடப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், சிங்கப்பூரில் இந்தச் சாவு முன்னாடியே ஆரம்பித்துவிட்டது. கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய பத்து ஆண்டு உரிமைச் சீட்டான சிஓஇ 1990 மே மாதம் வந்த நாளிலிருந்தே என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். துறைமுகத்தில் வந்து இறங்கும்போது 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள ஒரு கார். சுங்கத் தீர்வை 20 விழுக்காடு, 6,000 வெள்ளி. ஜிஎஸ்டி 9 விழுக்காடு, 3,240 வெள்ளி. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000-க்கு நூறு விழுக்காடு, அடுத்த 10,000-க்கு 140 விழுக்காடு, ஆக 34,000 வெள்ளி. இதுவரை 73,240. அதன் மேல் சிஓஇ. 2025 அக்டோபரில் சின்னக் கார்களுக்கான ஏ பிரிவு 128,105 வெள்ளிக்குப் போனது. இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது, விற்பவர் தன் லாபத்தை இன்னும் சேர்க்கவே இல்லை.

வண்டி 30,000, வண்டியைப் பத்து ஆண்டு வைத்திருக்க அனுமதிச் சீட்டு அதைப் போல நாலு மடங்கு. இந்த விலையில் சாதாரணச் சம்பளக்காரர் யாரும் இரண்டாவது கார் வைக்க முடியாது. மற்ற ஊர்க்காரன் வேலைக்குப் போக ஒரு வண்டி, ஞாயிற்றுக்கிழமை ஜாலிக்கு ஒரு பழைய கியர் வண்டி என்று வைத்துக்கொள்கிறான். இங்கே குடும்பத்துக்கே ஒன்று. அந்த ஒன்றில் பாட்டியின் சக்கர நாற்காலி ஏற வேண்டும், பிள்ளையின் தள்ளுவண்டி ஏற வேண்டும், தேக்கா சந்தையில் வாங்கிய வாழை இலைக்கட்டு மடங்காமல் வர வேண்டும், மனைவியும் ஓட்ட வேண்டும். மனைவியிடம் இருப்பது கிளாஸ் 3ஏ, ஆட்டோ மட்டும். முடிந்தது கதை. கார் நிறுவனம் முடிவெடுப்பதற்கு முன்பே நம் வீட்டுக் கூடத்தில் முடிவாகிவிட்டது.

ஏ பிரிவுக்கு இன்னொரு வேலையும் செய்தார்கள். முன்பு 1,600 சிசி எஞ்சின் அளவு மட்டும்தான் அளவுகோல். சின்ன எஞ்சினில் டர்போ வைத்துச் சொகுசுக் கார்கள் உள்ளே நுழைந்ததும், 2014-இல் எஞ்சின் சக்திக்கு 97 கிலோவாட் என்ற வரம்பும் சேர்ந்தது. நோக்கம் நியாயம்தான். ஆனால் வேகத்துக்கென்றே செய்த சின்ன ஹேட்ச்பேக் இன்று பெரும்பாலும் 97-ஐத் தாண்டும், தாண்டினால் பி பிரிவு. அங்கே அது பெரிய மெர்சிடிஸோடு ஏலத்தில் மோத வேண்டும். 2023 அக்டோபரில் பி பிரிவு 150,001 வெள்ளி. மின்சாரக் காருக்கு ஏ பிரிவு வரம்பு 110 கிலோவாட், அதற்குள் அடங்க டெஸ்லாவே மாடல் 3-இன் சக்தியை அடக்கி இங்கே விற்கிறது. உலகம் முழுக்கக் காரின் வேகத்தை எஞ்சினியர் தீர்மானிக்கிறார், இங்கே சிஓஇ பிரிவு தீர்மானிக்கிறது.

என் வண்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், பழைய வகை, 1.6 லிட்டர், டர்போ கிடையாது, ஐந்து கியர், எடை ஏறக்குறைய 1,060 கிலோ. 2008 மார்ச்சில் பதிவு. நான் சொன்ன ஒரே புது வண்டி இதுதான். அதே ஆண்டு நவம்பரில் ஏ பிரிவு சிஓஇ 2 வெள்ளிக்கு விழுந்தது. இரண்டு ஆயிரம் இல்லை, இரண்டு வெள்ளி, ஒரு தே தாரிக் காசு. எட்டு மாதம் பொறுத்திருந்தால் என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் தீபாவளி, பொங்கல் தவறாமல் நினைவூட்டுகிறாள்.

அந்த வண்டியின் கியர் தண்டுக் குமிழில் எழுதியிருந்த எண்கள் தேய்ந்துவிட்டன, மூன்று மட்டும் பாதி தெரியும். காலையில் குளிர்ந்திருக்கும்போது இரண்டாவதுக்குப் போக கொஞ்சம் அடம் பிடிக்கும். அப்போது அழுத்தக் கூடாது, விரல் நுனியில் பிடித்து ஒரு நொடி அப்படியே நிறுத்தினால் தானே உள்ளே வழுகிப் போகும். கிளட்ச் மிதியை விடும்போது பாதியில் ஒரு இடத்தில் வண்டி மூச்சு இழுப்பது போல லேசாக முன் சாயும். அதுதான் பிடிக்கும் இடம். என் மகளை வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவில் கூட்டிப் போய் அந்த இடத்தைப் பழக்கினேன். நாலு முறை அணைத்தாள். ஐந்தாவது முறை கைப்பிரேக்கை விட்டதும் வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் அப்படியே நின்றது, அவள் பாதம் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. “அப்பா, இது என் காலிலே கேக்குது” என்றாள். அப்புறம் அவள் போய் எடுத்தது 3ஏ. சோதனை சீக்கிரம் முடியுமாம்.

இனி நினைவில் வைக்கச் சொன்ன அந்த விஷயம்: முதலில் செத்தது மலிவான ஜாலி வண்டி. என் அப்பா காலத்தில் ஆட்டோ கியர் என்றால் பணக்காரச் சமாசாரம், கூடுதல் காசு. “காடியில கியர் இல்லையாம்லா” என்று வாய் பிளப்பார்கள். சாதாரண மனுஷனுக்குக் கையால் மாற்றும் கியர்தான். இன்று சிங்கப்பூர்ச் சாலையில் நின்று பாருங்கள், யார் கையால் கியர் மாற்றுகிறார்? ஒன்று, போர்ஷ 911 போன்ற வண்டியைக் கியரோடு வேண்டும் என்று கேட்டு வாங்கும் அளவுக்குக் காசு உள்ளவர். இன்னொன்று, காலை ஆறு மணிக்கு துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் போகும் லாரியின் ஓட்டுநர். பட்டுக்கோட்டையோ அறந்தாங்கியோ சொந்த ஊராக இருக்கும். டொயோட்டா டைனா, இசுசு, பின்னால் ஆட்கள், நெரிசலில் ஒரு மணி நேரத்தில் நூறு தடவை கிளட்ச் மிதிப்பார். இந்த ஊரில், ஒரே பாதத்தால் பிரேக்கையும் முடுக்கியையும் மிதித்தபடி கியர் இறக்கும் குதிகால்–முன்கால் நுணுக்கம் யாருக்காவது உண்மையிலேயே கைவந்திருந்தால் அது அவர்களுக்குத்தான், ஆனால் அவர்கள் யாரும் அதை ஆசை என்று சொல்லமாட்டார்கள், முட்டிவலி என்பார்கள்.

நடுவில் இருந்தவன்தான் காணாமல் போனான். மாதச் சம்பளக்காரன், 1.6 லிட்டர் வண்டி, ஞாயிறு விடியலில் ஓல்ட் அப்பர் தாம்சன் ரோட்டில் ஒரு சுற்று, முடிந்ததும் புரோட்டா. (அந்தச் சாலை 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி ஓடிய சாலை. இப்போது குரங்குகள் ஓடுகின்றன.) பெட்ரோல் எஞ்சின் சாகவில்லை, கியர்கூடச் சாகவில்லை. சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் இருந்த ஒரு சந்தோஷம் செத்தது. என் கோபம் முழுதும் அந்த இடத்தில்தான். பாட்டரி மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

மின்சாரக் காருக்கும் நியாயம் பேச வேண்டும். ஜூரோங்கில் ஹியூண்டாய் 2023 நவம்பரில் திறந்த ஆலையில் ஐயானிக் 5 என்ற மின்சாரக் காரைச் செய்கிறார்கள், கூரை மேலேயே 618 மீட்டர் சோதனைத் தடம். சிங்கப்பூரில் கார் செய்வது நின்று நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. புக்கிட் தீமாவில் 1941-இல் திறந்த ஃபோர்ட் ஆலையை 1980-இல் மூடினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த அதே கட்டடம், இன்று அருங்காட்சியகம். அதனால் இந்த ஆலையைப் பார்க்கையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

அதே காரின் ‘ஐயானிக் 5 N’ என்ற வேக வகையை ஒரு வாடிக்கையாளர் ஓட்டக் கொடுத்தார். அதில் பொய்க் கியர் உண்டு. மின்மோட்டாருக்குக் கியரே தேவையில்லை, ஆனாலும் கணினி எட்டு கியர் இருப்பதாக நடிக்கும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பை இழுத்தால் உடம்பு முன்னும் பின்னும் போகும், கியர் மாற்ற மறந்தால் எஞ்சின் உச்சத்தில் முட்டி நிற்பது போல் திணறும். சிரித்துவிட்டேன். முதல் பத்து நிமிடம் கேலிச் சிரிப்பு, அப்புறம் நிஜச் சிரிப்பு. நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதன் எடை சுமார் 2,200 கிலோ, என் ஸ்விஃப்ட் போல இரண்டு வண்டி. வளைவில் நுழையும்போது அந்த எடையை எந்தக் கணினியாலும் மறைக்க முடியவில்லை, டயர் சொல்லிவிடுகிறது. புது வண்டிகளில் என் புகார் சத்தம் இல்லை என்பதல்ல, எடைதான். அப்புறம் திரையைத் தடவிக் குளிர்சாதனத்தைக் குறைக்க வேண்டிய அந்தக் கொடுமை. திரை மோகம் கொஞ்சம் குறையும் போலிருக்கிறது, ஹாரன், வைப்பர் போன்ற முக்கியமான சிலவற்றுக்கு நிஜப் பொத்தான் இல்லாவிட்டால் 2026 முதல் ஐந்து நட்சத்திரம் கிடைப்பது கஷ்டம் என்று, கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பு வைத்துவிட்டது.

மக்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். 2024-இல் இங்கே பதிவான புதுக் கார்களில் மூன்றில் ஒன்று மின்சாரம். அந்த ஆண்டு டொயோட்டாவைத் தாண்டி முதலிடம் பிடித்தது சீனாவின் பிஒய்டி, 6,191 கார். என் பட்டறையில் எண்ணெய் மாற்ற வருபவர் எண்ணிக்கை குறைவதை நான் புள்ளிவிவரம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நிறுவனங்கள் மனம் மாறுமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் மாறியிருக்கிறார்கள். டொயோட்டா, சுபாரு, மாஸ்டா மூன்றும் 2024 மே மாதம் ஒன்றாக மேடையேறிப் புது எஞ்சின்கள் செய்வோம் என்றன. ஹோண்டா மின்சாரக் கார் முதலீட்டை 2025-இல் குறைத்தது, பிரிலூட் என்ற தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பிரிலூட் ஹைபிரிட், கியர் தண்டு கிடையாது, அதிலும் நடிக்கும் கியர்தான். வெளியூர்க்காரர் இதைப் பார்த்து ஆறுதல் அடையலாம். நமக்கு நாட்காட்டி தனி.

அந்த நாட்காட்டியைச் சொல்கிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. டீசல் கார்களுக்கு 2025 ஜனவரி முதல் புதுப்பதிவு கிடையாது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார் எல்லாம் மின்சாரமோ ஹைபிரிடோ ஹைட்ரஜனோவாக இருக்க வேண்டும். வெறும் பெட்ரோல் வண்டியைப் புதிதாகப் பதிய உங்களுக்கு 2029 டிசம்பர் வரை நேரம். அன்று பதிந்தால் 2039 டிசம்பர் வரை ஓட்டலாம். 2040-க்குள் வெறும் எஞ்சின் வண்டிகளை அறவே ஒழிப்பது அரசாங்கத்தின் குறிக்கோள். ஆக 26 வயதில் நீங்கள் தொடங்கினால் நாற்பது வரை கியர் ஓட்டலாம். இது சின்னக் காலம் இல்லை. வெளியூரிலிருந்து பழைய வண்டி தருவிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், மூன்று வயதுக்கு உட்பட்ட வண்டியைத்தான் உள்ளே விடுவார்கள். கிளாசிக் திட்டமும் உதவாது. வண்டிக்கு 35 வயது ஆக வேண்டும், ஆண்டில் 45 நாள்தான் ஓட்டலாம். என் ஸ்விஃப்ட் கிளாசிக் ஆவது 2043-இல்.

நடைமுறை வழி ஒன்றுதான்: சிஓஇ புதுப்பித்த பழைய கியர் வண்டி. ஸ்விஃப்ட் ஸ்போர்ட், பழைய சிவிக், எம்எக்ஸ்-5, லான்சர் ஜிஎல்எக்ஸ் கியர் வகை, இவைதான் சந்தையில் சுற்றும். பத்து ஆண்டு முடிந்த வண்டியைப் புதுப்பிக்கக் கடைசி மூன்று மாத சிஓஇ சராசரியைக் கட்ட வேண்டும். நான் 2018-இல் சுமார் 40,000 வெள்ளி கட்டினேன். 2028 மார்ச்சில் மறுபடி வருகிறது, இன்றைய விலை நீடித்தால் ஒரு லட்சத்துக்கு மேல். என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்காரியிடம் பேச்சை எடுக்கவில்லை.

வாங்கப் போகும்போது மூன்று கண்ணிகளைப் பாருங்கள். முதலாவது, ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த வண்டியை மறுபடி புதுப்பிக்க முடியாது, அது முடிந்தால் கழிப்புதான். விளம்பரத்தில் சிஓஇ எத்தனை மாதம் மிச்சம் என்று போடுவார்கள், எந்த வகை என்பதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். இரண்டாவது, பத்து வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏறிக்கொண்டே போய் ஐம்பதில் நிற்கும். என் 1.6-க்கு ஆண்டுக்கு 1,100 வெள்ளி சொச்சம். சோதனையும் ஆண்டுதோறும். மூன்றாவது, புதுப்பித்த வண்டியைக் கழிக்கும்போது முதலில் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் சல்லிக்காசு திரும்ப வராது. விலையில் அந்த எதிர்பார்ப்பை ஏற்றி எவனாவது விற்றால் நடையைக் கட்டுங்கள்.

வாங்கியதும் நல்ல சாலை வேண்டுமே. தெற்கு புவன விஸ்தா சாலையின் 99 வளைவு, லிம் சூ காங்கின் நீட்டுச் சாலை, அவ்வளவுதான் இந்தத் தீவில். விரைவுச்சாலையில் 90-க்கு மேல் கிடையாது. அதனால் எங்கள் கூட்டம் மாதம் ஒரு ஞாயிறு அதிகாலை நாலரைக்கு உட்லண்ட்ஸ் வழியாக மலேசியாவின் கோத்தா திங்கி பக்கம் போய்விடும். தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், அங்கே நிரப்பினால் ரான் 97 ரகப் பெட்ரோல் மட்டும், மலேசியர்களுக்கான மானிய 95-இல் கை வைக்காதீர்கள். மெர்சிங் சாலையில் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே கை போய் வரும் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் மற்ற எல்லாத் தொல்லையும்.

கடைசியாக வண்டியைச் சோதிப்பது எப்படி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள், விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கிளட்ச் மிதி மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது என்றால் தட்டு தேய்ந்துவிட்டது. மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது முடுக்கியை முழுதாக மிதியுங்கள், எஞ்சின் சுற்று மட்டும் எகிறி வண்டி வேகம் எடுக்காவிட்டால் வழுக்குகிறது, விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கிளட்ச் மாற்றலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்று பல் கடிக்கும் சத்தம் கேட்டால் கியர் பெட்டியையே பிரிக்க வேண்டும், அந்த வண்டி வேண்டாம். அடம் பிடிப்பது வேறு, பல் கடிப்பது வேறு. வித்தியாசம் தெரியாவிட்டால் காக்கி புக்கிட் பக்கம் வாருங்கள், என் வண்டியில் முதலாவதைக் காட்டுகிறேன். இரண்டாவதைக் காட்டுவதற்கு லிஃப்டில் ஏறி நிற்கும் வேறொருவர் வண்டி எப்போதும் ஒன்று இருக்கும்.